‘சில ஆயிரம் மீன்களுக்காக’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கலிபோர்னியாவின் ஸ்காட், ஷாஸ்டா நதிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சில ஆயிரம் மீன்களுக்காக விவசாயிகளின் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டது அரசு’ என்று அதில் ஒரு வரி. போதாததற்கு, அந்த வரியைத் தனியாக எடுத்துக் கொட்டை எழுத்தில் பக்கத்தின் நடுவில் வேறு போட்டிருக்கிறீர்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள், கல்லணைக்கு எத்தனை வந்து சேர்ந்தது என்று கேட்டே வளர்ந்தவர்கள் படிக்கும் பத்திரிகை தங்களுடையது. அவர்களுக்கு, எவ்வளவு தண்ணீரைப் ‘பிடுங்கினார்கள்’ என்று சொல்லும் ஒரு எண்கூடக் கட்டுரையில் இல்லை. கண்ணீர் தாராளமாக இருக்கிறது, கன அடியைத்தான் காணோம்.

நானே தருகிறேன். 2021 ஆகஸ்டில் அம்மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அவசர விதி கொண்டுவந்தது. ஷாஸ்டா நதியில், யிரேகா ஊருக்கு அருகேயுள்ள அளவு நிலையத்தில், கோடையில் வினாடிக்கு 50 கன அடி ஓட வேண்டும். ஸ்காட் நதியில், ஃபோர்ட் ஜோன்ஸ் நிலையத்தில், ஆகஸ்டில் 30 கன அடி. அங்கே தண்ணீர் எடுக்கும் உரிமைக்கு, யார் முந்திப் பெற்றார் என்பதை வைத்து ஒரு வரிசை உண்டு. நீர் இதற்குக் கீழே இறங்கினால் பிந்திய உரிமைக்காரர் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும், அப்புறம் அவருக்கு முந்தியவர். 50 கன அடி இராப்பகலாக ஓடினாலும் ஒரு டி.எம்.சி. சேர 231 நாள் ஆகும். இதற்குப் பெயர் பிடுங்கலா?

உரிமை வரிசை பற்றியும் கட்டுரையாளர் உருகியிருக்கிறார். ஷாஸ்டா நதியின் தண்ணீரை யார் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று நீதிமன்றம் பங்கிட்டது 1932இல். அந்தப் பங்கீட்டில் மீனுக்கென்று ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1931இல், அதே சின்ன நதியில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட சினூக் சால்மன் (கடலில் வளர்ந்து, முட்டையிட நதிக்குத் திரும்பும் சால்மன் மீனில் ஒரு வகை; கோஹோ இன்னொரு வகை) ஏறி வந்ததாகக் கணக்கு இருக்கிறது. இப்போது வருவது அதில் சிறு பங்கு. கோஹோ சால்மனின் நிலை இன்னும் மோசம். சில ஆண்டுகளில் அந்த நதிக்குத் திரும்பியவை ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஆக, ‘சில ஆயிரம்’ என்று தாங்கள் அச்சிட்டதே தாராள மனசுதான்.

50, 30 என்பவை அதிகாரிகள் விரலை மடக்கிச் சொன்ன எண்களும் அல்ல. சினூக் இலையுதிர்காலத்தில் கூழாங்கல் படுகையைத் தோண்டி முட்டையிடும். குஞ்சுகள் பெரும்பாலும் சில மாதங்களில் கடலுக்குப் போய்விடும். கோஹோ குஞ்சு அப்படிப் போகாது. ஒரு முழுக் கோடையையும் நதியிலேயே கழித்துவிட்டு, மறு வசந்தத்தில்தான் கடலுக்கு இறங்கும். ஷாஸ்டாவின் உயிர், எரிமலையடி ஊற்றுகள். ஊற்றுக்கண்ணில் நீர் 11, 12 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். நதி நிறைய ஓடினால் அந்தக் குளிர்ச்சி வெகுதூரம் போகும். பாதியை மோட்டார் இழுத்துவிட்டால், மிஞ்சியது மெல்ல, பரவலாக, வெயிலில் காய்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, புல்வெளிகளில் பாய்ச்சலாக விட்ட நீர் சூடேறி வடிந்து மறுபடி நதிக்கே வந்து சேரும். 20 டிகிரியைத் தாண்டினால் கோஹோ குஞ்சு தீனியை விட்டுவிட்டுக் குளிர்ந்த மடுவைத் தேடத் தொடங்கும். 25ஐ நெருங்கினால் சாவுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோஹோ பெட்டைகள் ஏறக்குறைய எல்லாமே மூன்றாம் வயதில்தான் திரும்பி வந்து முட்டையிடும். ஒரு கோடையில் குஞ்சுகள் அழிந்தால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தலைமுறை வரிசையில் ஓட்டை விழும். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தால் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் ஆறுதல் சொல்கிறாரே, அந்த மழை வேறு தலைமுறை வரிசைக்குத்தான் உதவும்.

2022 ஆகஸ்டில் நடந்ததற்குக் கட்டுரையில் ‘விவசாயிகளின் போராட்டம்’ என்று பெயர். ஷாஸ்டாவில் சுமார் எண்பது பண்ணைக்காரர்கள் கொண்ட ஒரு சங்கம், நிறுத்த உத்தரவு இருந்தும் மோட்டார்களைப் போட்டு எட்டு நாள் தண்ணீர் எடுத்தது. நதியின் ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. அன்றைய சட்டப்படி நாளுக்கு 500 டாலர் அபராதம். எட்டு நாளுக்கு 4,000. பிரித்தால் தலைக்கு 50 டாலர்.  சட்டம் இப்படி இருந்தால் யார்தான் மோட்டாரைப் போடமாட்டார்கள்? 2024இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்தினார்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

ஆற்றின் ஓட்டத்தை அளப்பதே என் தொழிலாக இருந்தது. அதனால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை: ‘அரசின் அளவுமானியை நம்ப முடியாது, நதி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே குறைவு என்று காட்டுகிறது’ என்ற விவசாயி ஒருவரின் வாக்கு. அளவு நிலையம் நேரடியாகக் கன அடியை அளப்பதில்லை, ஐயா. அது நீர்மட்டத்தைத்தான் அளக்கும். மட்டம் இத்தனை என்றால் ஓட்டம் இத்தனை என்று, ஆட்கள் இறங்கிக் குறுக்கே பல இடத்தில் வேகமும் ஆழமும் எடுத்து வரைந்த வளைகோடு ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் கணக்கு. ஷாஸ்டாவில் கோடையில் நீர்ப்பாசி, கொடிகள் அடர்ந்து வளரும். ஓட்டத்தை அவை தடுப்பதால் மட்டம் உயர்ந்து நிற்கும். திருத்தாமல் விட்டால் வளைகோடு உள்ளதைவிட அதிகமாகத்தான் காட்டும். கரையில் நின்று பார்ப்பவருக்கும் நதி நிறைந்திருப்பதாகத்தான் தோன்றும். அதனால்தான் கோடையில் அடிக்கடி நேரில் அளந்து திருத்தம் போடுகிறார்கள். அளவுமானி பொய் சொன்னால் விவசாயிக்குச் சாதகமாகவே சொல்லும் காலம் அது.

ஸ்காட் பள்ளத்தாக்கின் சங்கதி வேறு. அங்கே நதியிலிருந்து நேராக எடுப்பதைவிடக் கிணறுகளின் பங்கு பெரிது. நதிக்கரைக் கிணற்றில் ஜூனில் இறைத்தது ஆகஸ்டில் நதியில் குறையும். தூரத்துக் கிணறு என்றால் இன்னும் தாமதம். நதி வற்றிய பிறகு மோட்டாரை நிறுத்தினால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. இதனால்தான் அங்கே ஒரு மாற்று ஏற்பாடும் வைத்தார்கள். பருவம் முழுவதும் நிலத்தடி நீர் எடுப்பை 30 சதவீதம் குறைத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டால் முழு நிறுத்தம் கிடையாது. நீர்தெளிப்பானின் முனைகளைத் தரைக்கு அருகே இறக்கிக் காற்றில் போகும் நீரை மிச்சம் பிடிப்பது, ஓரத்து மேட்டு நிலத்துக்குப் பாய்ச்சாமல் விடுவது, குதிரைமசாலின் கடைசி அறுப்பைக் கைவிடுவது என வழிகள் உண்டு. குதிரைமசாலுக்கு ஆகஸ்டுக்குப் பின் நீர் விடாவிட்டாலும் வேர் சாகாது, வசந்தத்தில் துளிர்க்கும். நட்டம் ஓர் அறுப்பு. அது நட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடனில் இருப்பவனுக்கு ஓர் அறுப்பு பெரிதுதான். அதற்கு அரசு ஈடு கொடுக்கட்டும் என்று எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

‘மாடுகளுக்குக் குடிக்கவும் தண்ணீர் இல்லை’ என்ற வரியும் அப்படியே. குளிர்காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, பூசாத மண் வாய்க்காலில் மைல்கணக்கில் நதியைத் திருப்புகிறார்கள். வழியிலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். மாடு குடிப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் திருப்பாதே என்பதுதான் விதி. பத்து மடங்கு! கிணற்றிலிருந்து குழாய் போட்டு ஒரு தொட்டி வைத்தால் தீர்ந்தது.

அணைகளை இடித்தாயிற்றே, இன்னும் என்ன என்று முடித்திருக்கிறார். கிளாமத் நதியின் நான்கு அணைகள் 2024இல் இடித்து முடிக்கப்பட்டது உண்மை. சினூக் அந்த இடங்களைத் தாண்டி மேலே ஏறியதும் உண்மை. ஆனால் ஷாஸ்டாவும் ஸ்காட்டும் கிளாமத்தில் கலப்பது அந்த அணைகளுக்கெல்லாம் கீழே. அணை போனதால் இந்த இரண்டு நதிகளிலும் ஒரு கன அடி கூடவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது, கட்டுரையில் மீனவர் என்று ஒருவர்கூட இல்லாததுதான். கலிபோர்னியாவில் 2023இலும் 2024இலும் கடலில் சால்மன் பிடிப்பதையே அடியோடு நிறுத்தினார்கள். 2025இல் வணிகப் படகுகளுக்கு மூன்றாம் ஆண்டாகவும் தடை. யூரோக், காருக் பழங்குடியினரின் சோறே இந்த மீன். தலைமடைக்காரன் மடையை அடைத்துக்கொண்டால் கடைமடை என்ன ஆகும் என்பதைத் தங்கள் பத்திரிகைக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அங்கே கடைமடையில் நிற்பவர்கள் இவர்கள். 2001இல் கிளாமத் பாசனத்துக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது விவசாயிகள் பட்டபாட்டைத் தாங்கள் உருக்கமாக வெளியிட்டது நினைவிருக்கிறது. மறு ஆண்டு பாசனத்துக்குத் திறந்தார்கள். 2002 செப்டம்பரில், குறைந்து சூடேறிய நீரில் நெருக்கியடித்து நின்ற மீன்களுக்குச் செவுள் நோய் பரவி, கீழ் கிளாமத்தில் குறைந்தது 34,000 மீன்கள், பெரும்பாலும் சால்மன், செத்து மிதந்தன. அது குறித்து அப்போது எழுதிய கடிதத்துக்கு இடமில்லை என்று பதில் வந்தது. தங்கள் இடநெருக்கடி எனக்குப் புரிகிறது. சினிமாப் பக்கங்கள் அன்றைக்கும் பதினாறுதான்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் நான்கு வரியில் ஒரு திருத்தம்: 50, 30 கன அடி என்ற எண்கள், 30 சதவீத ஒப்பந்தம், மீனவர்களுக்கு விழுந்த தடை. இனி எந்த நாட்டு நதியைப் பற்றி எழுதினாலும், எந்த நிலையத்தில், எந்த மாதத்தில், எத்தனை கன அடி என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சிராப்பள்ளி

பி.கு.: கட்டுரைக்குப் போட்டிருக்கும் படம் ஷாஸ்டா அணை. அது இருப்பது சாக்ரமெண்டோ நதியில். தெற்கே ஓடும் வேறு நதி, வேறு வடிநிலம். ஷாஸ்டா நதியின் அணை 1928இல் கட்டிய ட்வின்னல். திருத்தத்துக்கு இடமில்லாவிட்டாலும் இணையப் பதிப்பில் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.