பின்பக்கம் வெள்ளையாக இருந்த தாள்கள்

காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும் வணக்கம்.

போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். முப்பத்து மூன்று வருடம் இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தும் ஆராய்ந்தும் சம்பளம் வாங்கியாயிற்று. பிரிவுபசார விழாவில் மைக்கைக் கொடுத்தார்கள், பேச்சு வரவில்லை. சொல்ல நினைத்ததில் பாதி அந்த அரங்கில் இருந்தவர்களுக்கானதும் அல்ல. அதனால் இந்த மடல்.

முதலில் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை எழுதும் டேலி கிளார்க் மாமா. ராமானுஜன் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த அதே துறைமுகத்தில்தான் என் அப்பா மூட்டை தூக்கினார். தாள் வாங்கக் கட்டுப்படியாகாமல் ராமானுஜன் சிலேட்டில் போட்டுப் போட்டு அழித்தது ஊரறிந்த கதை. எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. கழித்துப்போட்ட டேலி ஷீட்டுகளை வாரம் ஒரு கட்டு மாமா கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் உரமூட்டைக் கணக்கு, மறுபக்கம் என் கணக்கு. எம்.எஸ்சி. முடிக்கும்வரை நோட்டு வாங்கிய நினைவே இல்லை. மாமா இப்போது இல்லை. அவர் பேரன் கண்ணில் இது பட்டால் போதும்.

அப்புறம், பக்கத்துப் போர்ஷன் மீன்கார அக்கா. எங்கள் வீடு ஒரே அறை, ஆறு பேர். அக்கா விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பும்போது சாவியை எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். ஆறு மணிவரை அந்த வீடும் விளக்கும் எனக்கு. "கரண்டு பில்ல நான் பாத்துக்குறேன் பாப்பா, நீ இன்னாவோ போட்டுனு இரு" என்பார். என்ன போடுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது சொல்லிப் பார்க்கிறேன். கூட்டிக் கழித்துப் பெருக்கக்கூடிய அமைப்பு வளையம்; அதில் வகுக்கவும் முடிந்தால் களம். வளையத்தின் உறுப்புகளால் பெருக்கிக்கொள்ளக்கூடிய கூட்டம் மாட்யூல்; அதற்கு ஆய அச்சுகள் மாதிரி ஓர் அடித்தளம் இருந்தால் ஃப்ரீ, ஃப்ரீ ஒன்றை நேராகப் பிரித்தால் கிடைக்கும் துண்டு புரொஜெக்டிவ். ஒரு களத்தின் மேலுள்ள பல்லுறுப்புக் கோவை வளையத்தில் புரொஜெக்டிவ் மாட்யூல்கள் எல்லாமே ஃப்ரீதானா என்ற கேள்வியை 1955-இல் பிரெஞ்சுக் கணிதர் செர் எழுப்பினார். இரண்டு மாறிகளுக்கு ஆமாம் என்று 1958-இல் நிறுவியவர் நம் சி. எஸ். சேஷாத்ரி. 1976-இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியாக அதை முழுசாக முடித்துவிட்டார்கள். முடிந்த கேள்வியில் உனக்கென்ன வேலை என்றால், வளையத்தை மாற்றினால் கேள்வி மறுபடி எழுந்துகொள்ளும். என் பிழைப்பு அதில்தான் ஓடியது. மூன்று வருடம் உழைத்து எழுதிய நிரூபணத்தில் "இது தெளிவு" என்று நான் எழுதியிருந்த வரியிலேயே ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்த என் வழிகாட்டி திட்டவில்லை. நான்கு மாதம் சனிக்கிழமைகளில் கூடவே உட்கார்ந்து அடைத்தார். ஐயா, நன்றி.

வியாசர்பாடி கேரம் கிளப் தம்பிகளுக்கு வருகிறேன். ஞாயிறு காலையில் ஆட்டத்தை நிறுத்தி அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அங்கே நான் எடுத்த முதல் கணக்கு வகுப்பில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திருப்பி மாற்றவும் முடிகிற செயல்களின் தொகுப்புக்கு "குலம்" என்று பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னேன். "அதெல்லாம் இங்க கேக்கக் கூடாது மேடம்" என்றான் ஒரு பையன். அன்றிலிருந்து எனக்கு அது குரூப்தான். சதுர அட்டையைச் சுழற்றியும் புரட்டியும் எட்டு விதமாக வைக்கலாம். கால் சுற்று சுழற்றிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல என்று காட்டினேன். "மசாலா தடவிட்டு வறுக்கறதும், வறுத்துட்டு மசாலா தடவுறதும் மாதிரி" என்றாள் ஒரு சின்னப் பெண். இதைவிட நல்ல உதாரணம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அவள் இப்போது முனைவர் பட்ட மாணவி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கிளப்புக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தேன். பிள்ளைகளின் நோட்டுகள், கரும்பலகை, அட்டைகள் எல்லாம் மாடியில் காய்ந்தபடி இருந்தன. கேரம் போர்டுகள் மூன்றும் கீழே ஊறி உப்பிக் கிடந்தன. எதை முதலில் தூக்குவது என்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஓய்வுப் பணத்தில் புது போர்டுகள் மூன்று வாங்கிவிட்டேன். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சனிக்கிழமை சாயந்திரம் நாலு பேர் வண்டியோடு வாருங்கள்.