கொடுமணல் ஊர் வரலாற்று நூலுக்கும் வரைபடத்துக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கொடுமணலில் பிறந்து பிழைப்புக்காக வெளியூர் போன சொந்தங்களுக்கும், நொய்யல் ஆற்றங்கரைமேல் பற்றுள்ள எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். நம் ஊரின் நிலத்தையும் வரலாற்றையும் ஒரு நூலாகவும், பள்ளிச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய வரைபடமாகவும் கொண்டுவர முடிவு செய்திருக்கிறோம். அதற்கு உங்கள் பொருளுதவி வேண்டும்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய 'கொடுமணம்' நம் ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு அப்படியொரு புகழ் எப்படி வந்தது? சுற்றியுள்ள மண்ணே சொல்லும். சிவன்மலைப் பக்கம் நீலக்கல், படியூரில் பெரில் கல், வெங்கமேட்டில் பளிங்கு, சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறித் துறைமுகத்துக்குப் போன பெருவழியும் இந்தப் பக்கம்தான். கல் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் ஆற்றில், வாங்குகிறவர் வாசலில்.

1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் மற்றவர்களும் செய்த அகழாய்வுகளில் உடைத்த கல், பாதி தேய்த்த மணி, துளையிடும்போது தெறித்த மணி என எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. சூதுபவளம் என்ற செந்நிறக் கல் குசராத்திலிருந்து வந்திருக்கிறது. ஈமக்குழி ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. எங்களை அதிகம் நெகிழ வைப்பவை பானை ஓடுகள்தாம். கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன் சுமணன் என்று தமிழ் எழுத்தில் கீறிய பெயர்கள். கண்ணன் ஆதனும் பண்ணனும் அரசர்களாக இருந்தாக வேண்டியதில்லை. தம் பானையில் தம் பெயரை எழுதிக்கொண்டவர்கள், அவ்வளவே.

அகழ்ந்த குழியை அளந்து, எழுதி, மூடிவிடுகிறார்கள். பொருள்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாதுகாக்க அதுதான் வழி. ஆனால் அகழ்ந்த அந்த மேட்டின் வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலடியில் என்ன இருந்தது என்று சொல்ல ஊருக்குள் ஒரு புத்தகம் வேண்டாமா?

அகழாய்வுக்குள் வராத வரலாறும் உண்டு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். வேலிகளுக்கு நடுவே ஓடிய இட்டேரி. கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பட்டாவில் சர்வே எண்தான் இருக்கும், பெயர் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1992-இல் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. அதில் சாயக்கழிவு தேங்கி, கிணறும் வெள்ளாமையும் கெட்டன. அதற்கு முன் ஆற்று நீரைக் குடித்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் வேலையாக அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யப் போகிறோம். இது தள்ளிப்போட முடியாத வேலை.

நில அளவை, வரைபடம், பழைய ஆவணங்களின் நகல், 500 பிரதி அச்சு எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதந்தோறும் ஊர்ச் சாவடியில் ஒட்டப்படும். கொடுத்தவர் பெயர் நூலில் இருக்கும், தொகை இருக்காது.

பணம் தர இயலாதவர்கள் பழைய புகைப்படம், கிரையப் பத்திரம் இருந்தால் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். உழும்போது கிடைத்த மணிகளையோ ஓடுகளையோ மட்டும் எங்களிடம் கொண்டுவர வேண்டாம். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். விலைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு மணிகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் ஊரிலுள்ள தங்கள் குடும்பத்தார் வழியாகக் கொடுத்தனுப்பலாம். பொங்கலுக்கு வரும்போது நேரிலும் தரலாம். அந்த மூன்று நாளும் குழுவினர் சாவடியில் இருப்போம்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்று நூல் குழுவினர்,
கொடுமணல்