‘ஆன்’ விகுதியில் போன ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்து என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்செய்கிறேன். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு முடிய வருடத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம்.

நாங்கள் வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகம் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியது. அதில் ஒரு புதிர்: ஐந்து பேர் வரிசையாக இருக்கிறார்கள், இருவர் பெண்கள், அவர்கள் யார்? ‘க-வுக்கு வலப்பக்கம் ச உட்கார்ந்திருக்கிறான்’ என்று தொடங்கி ஐந்து பேருக்கும் ‘ஆன்’தான். ஒரு பிள்ளை அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “டீச்சர், அஞ்சு பேருமே பையங்களா இருக்காங்க, பொம்பளப் பிள்ளைக எங்க?” என்றாள். பக்கத்துப் பையனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. விடையைக் குறித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டான். வரி விடாமல் படித்தவளுக்குத்தான் ஒரு நிமிடம் போனது.

இங்கிலீஷ் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று சொல்லாது. தமிழில் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். உறவுமுறையும் அப்படித்தான். ‘கசின்’ என்பதை ‘அத்தை மகள்’ என்று போட்டிருக்கிறார்கள். எந்த வழி உறவு, ஆணா பெண்ணா என்று பிள்ளை யோசிக்க வேண்டியதெல்லாம் அந்தச் சொல்லிலேயே வந்துவிட்டது. அப்புறம் என்ன கேள்வி?

ஓவருக்கு எத்தனை பந்து என்று சொல்லாமலே கிரிக்கெட் கணக்கும் வருகிறது. பதிலுக்குக் கோலக் கணக்கு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பையன்கள் நேர்புள்ளியையும் இடைப்புள்ளியையும் எங்கே கண்டார்கள்?

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது. ஒரே மொத்தம் எடுத்த பையன்களையும் பெண்களையும் பிரித்து, கேள்வி கேள்வியாக ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு தரப்பு சறுக்கினால் அந்தக் கேள்வியின் வார்த்தையைச் சந்தேகப்படலாம். 1937-லேயே அமெரிக்க உளவியலாளர்கள் டெர்மனும் மெரிலும் ஸ்டான்ஃபோர்டு–பினே என்ற அறிவுத்திறன் தேர்வைத் திருத்தியபோது, ஆண் பெண் வித்தியாசம் பெரிதாகக் காட்டிய கேள்விகளைக் கழித்தார்கள். மொழிபெயர்த்து அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலு பள்ளியில் போட்டுப் பார்க்க நம்மவர்களுக்கு என்ன தடை?

உங்கள் மாணவர் பக்கப் புதிர்களிலும் ‘ஆன்’ நிறையவே வருகிறது. ‘இருக்கிறார்’ என்று எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. நேற்று ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன் சிவப்பு மையால் அந்த ஐந்து ‘ஆன்’களையும் ‘ஆர்’ ஆக்கிவிட்டேன். அத்தை மகளை என்ன செய்வதென்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.