கல்லைக் காட்டும் கை குன்றையும் காட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களின் தொன்மக் கதைகளைப் பேரிடர் ஆயத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்று பலரும் எழுதிவருகிறார்கள். இக்கருத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் பேரிடர் ஏன் வந்தது என்று சொல்லும் கதையையும், அது வருமுன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மரபையும் அவர்களில் பலர் ஒன்றாகவே கருதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டில் உயிர்கள் அடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

மனிஞ்சாவ் ஏரியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது சகோதரர்களோடு வளர்ந்த சானி என்ற பெண், கீரான் என்ற இளைஞனோடு முறைதவறி நடந்தாள் என்று ஊர் பழி சுமத்துகிறது. நாங்கள் குற்றமற்றவர்களானால் இம்மலை வெடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் எரிமலையின் வாய்க்குள் குதிக்கிறார்கள். மலை வெடித்து ஏரி பிறக்கிறது, அண்ணன்மார் மீன்களாகிறார்கள். மனிஞ்சாவ் உண்மையிலேயே ஓர் எரிமலைப் பெருவாய்தான். அதை உருவாக்கிய வெடிப்பு ஏறத்தாழ 52,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது நிலவியலாளர் கணிப்பு. அந்த வெடிப்பைக் கண்டவர்களின் நினைவே இக்கதையாக வழிவழியாக வந்தது என்று சிலர் வாதிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஏரியின் உருவத்தைப் பார்த்தே அது மலையின் வாய் என்று அறிந்துகொண்ட மக்களின் கூர்மை எனக்குப் போதும். ஆனால் இக்கதையில் மலை வெடிப்பதற்குக் காரணம் மனிதரின் அவதூறு. செங்குத்தான கரையில் குடியிருப்பவர் மழைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்பெண்ணின் பெயரைத் தாங்கியுள்ள தஞ்சுங் சானி என்ற கரையோர ஊரில் 2013 ஜனவரியில் மலைச்சரிவு இடிந்து விழுந்து பலர் மாண்டார்கள் என்பதை நினைக்கும்போது இந்தக் குறை மனத்தை உறுத்துகிறது.

பாடாங் நகரின் ஆயர் மானிஸ் கடற்கரையில் கல்லாகக் கிடப்பதாகச் சொல்லப்படும் மாலின் குண்டாங்கின் கதையும் இத்தகையதே. பெற்றவளை அறியேன் என்று மறுத்த மகனைத் தாய் சபிக்க, புயல் எழுந்து கப்பல் சிதறுகிறது. பிள்ளைகளுக்கு அறம் புகட்ட நல்ல கதை. ஆனால் பேரிடரைத் தண்டனையாக மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, குற்றம் செய்யாத தனக்குக் கடலால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக்கூடும். அதே பாடாங் கடற்கரையைத்தான் 1797-லும் 1833-லும் பெரும் நிலநடுக்கங்களும் ஆழிப்பேரலைகளும் தாக்கின.

கதை ஒன்று உயிர் காத்ததற்கு ஆச்சே மாகாணத்தின் சிமெலுவே தீவு சான்று. அங்குள்ளோர் பெரும்பாலும் மினாங்கபாவ் மக்கள் அல்லர். 1907-இல் வந்த பேரலையை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் பாட்டிலும் வைத்துக்கொண்டார்கள். நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடு என்பதே அதன் உட்பொருள். 2004-இல், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. யாருடைய பாவத்தால் அலை வந்தது என்று ஸ்மோங் ஆராயவில்லை; காலை எந்தப் பக்கம் எடுத்துவைப்பது என்று மட்டும் சொன்னது.

மினாங்கபாவ் மரபில் இத்தகைய அறிவு இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நிறையவே இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தொன்மக் கதைகளுக்கு வெளியே, ‘அடாட்’ என்னும் வழக்காற்று மொழிகளிலும் கட்டடக் கலையிலும் இருக்கிறது. செங்குத்துச் சரிவில் மூங்கில் நடு, சதுப்பில் நெல் பயிரிடு, கெட்டியான தரையில் வீடு கட்டு, பள்ளத்தை மீன்குளமாக்கு என்று நிலத்தை வகைப்படுத்தும் முதுமொழி ஒன்று அவர்களிடம் உண்டு. இதைவிடத் தெளிவான நிலப் பயன்பாட்டுத் திட்டம் வேறென்ன வேண்டும்? மலைச்சரிவைப் பிடித்து நிற்பது மூங்கிலின் வேர். நீர்ப்பிடிப்பைக் காக்க வெட்டக் கூடாத காடு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கமும் உண்டு. ‘ரூமா கடாங்’ எனப்படும் பெருவீட்டின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல் தட்டைக் கற்களின் மேல் நிற்கின்றன. மரங்கள் ஆணியின்றி முளையடித்து இணைக்கப்படுவதால் நிலம் ஆடும்போது வீடும் சேர்ந்து ஆடி நிலைகொள்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று மேற்குச் சுமத்ராவைத் தாக்கிய 7.6 அளவு நிலநடுக்கத்தில் மாண்ட 1,100-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இடிந்த செங்கல், கான்கிரீட் கட்டடங்களிலும் மலைச்சரிவுகளிலும் அகப்பட்டவர்கள்.

மராப்பி எரிமலையை நினைத்தால் என் கவலை இன்னும் கூடுகிறது. உலகெங்கும் கடலாக இருந்த காலத்தில் வாத்து முட்டையளவே தெரிந்த அம்மலை முகட்டில்தான் முன்னோர் வந்து இறங்கினர் என்று ‘தம்போ’ என்னும் தோற்றக் கதை சொல்கிறது. அம்மக்களுக்கு அது தாய்மடி. 2023 டிசம்பரில் அதே மலை வெடித்து, ஏறிச் சென்ற 24 பேர் இறந்தனர். 2024 மே மாதம், அது உமிழ்ந்த சாம்பலையும் பாறைகளையும் கனமழை அடித்துக்கொண்டு வந்ததில் அடிவாரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லும் சேறும் கலந்து பாயும் அவ்வெள்ளத்துக்கு மினாங்கபாவ் மொழியில் ‘கலோடோ’ என்ற தனிச்சொல்லே இருக்கிறது. 1979-லும் அது வந்து உயிர்களைக் கொண்டுபோனது. சொல் வழக்கில் இருக்கிறது. அச்சொல் எழுப்ப வேண்டிய எச்சரிக்கைதான் ஆற்றங்கரை வீடுகளை எட்டவில்லை.

ஆகவே, இம்மரபைப் பேரிடர்ப் பயிற்சியில் சேர்க்க விரும்புவோர் கதைகளை மாற்றி எழுத வேண்டாம். மாற்றினால் மக்கள் ஏற்கவும் மாட்டார்கள். மாறாக, ‘நினியாக் மாமாக்’ எனப்படும் குலத் தலைவர்களிடம் செல்லட்டும். தாய்வழிக் குடியான அச்சமூகத்தில் அப்பொறுப்பு தாய்மாமனுடையது; அந்தச் சொல்லின் கனம் தமிழருக்கு விளக்காமலே புரியும். எந்தச் சரிவில் வீடு கூடாது என்று அரசு அலுவலர் சொல்வதைவிட, முதுமொழியை எடுத்துக்காட்டி ஒரு மாமன் சொன்னால் ‘நகரி’ என்னும் ஊர் கேட்கும். பாடாங்கில் பெருவீட்டின் கூரையை நினைவூட்டும் வடிவில் எழுந்துள்ள மாகாணப் பெரிய பள்ளிவாசல் ஆழிப்பேரலைப் புகலிடமாகவும் அமைக்கப்பட்டது. மரபையும் பாதுகாப்பையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்க முடியும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

‘விரிந்து கிடக்கும் இயற்கையே குரு’ என்பது மினாங்கபாவ் மக்களின் வாழ்க்கை நெறி. அவர்கள் மொழியிலும் அச்சொல் குருதான். அந்த நெறிப்படி, ஆயர் மானிஸ் கரைக்கு அழைத்துவரப்படும் ஒவ்வொரு பள்ளிக் குழுவுக்கும் மாலின் குண்டாங்கின் கல்லைக் காட்டி முடித்த கையோடு, நிலம் நடுங்கினால் எந்த வழியாகப் பின்னாலுள்ள குன்றில் ஏறுவது என்பதையும் காட்டி, ஒருமுறை அவர்களை ஏறவும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்