1947 ரூபிள் நோட்டில் ஒரு சுற்று குறைகிறது: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழைய நாணயம், நோட்டு விற்பனை நிறுவனம்.

ஐயா,

"1947 முதல் வெளியீடு, சின்னத்தில் 16 ரிப்பன் சுற்று" என்று உங்கள் தளத்தில் போட்டிருந்த சோவியத் 1 ரூபிள் நோட்டை வாங்கினேன். வந்திருப்பதோ 15 சுற்று நோட்டு. கேட்டதற்கு, "நோட்டிலேயே 1947 என்று இருக்கிறதே, சரியான பொருள்தான்" என்று உங்கள் ஆள் பதில் அனுப்பியிருக்கிறார். பழைய நோட்டு விற்கிறவர் சொல்கிற பதிலா இது?

1957இல் மாற்றி அச்சடித்தபோதும் 1947 என்ற ஆண்டை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே ஆண்டைப் பார்த்துப் பயனில்லை, அரசுச் சின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் உலக உருண்டை, அதன்மேல் அரிவாள் சுத்தியல், கீழே உதிக்கும் சூரியன், உச்சியில் நட்சத்திரம், இருபுறமும் கோதுமைக் கதிர்கள். கதிர்களைச் சுற்றிய ரிப்பனில் "உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்" என்ற முழக்கம், சுற்றுக்கு ஒரு சோவியத் குடியரசின் மொழியாக. 1936 அரசியல் சட்டத்தின்போது குடியரசுகள் 11, சுற்றுகளும் 11. 1940இல் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, மால்டாவியா, கரேலிய-ஃபின்னியக் குடியரசு என்று ஐந்து சேர்ந்தன. இடையில் போர் வந்துவிட்டதாலோ என்னவோ, சின்னத்தில் அது ஏற 1946 ஆகிவிட்டது. அப்போதுதான் 16. பத்தே வருடம்தான், 1956 ஜூலையில் கரேலிய-ஃபின்னியத்தைக் கலைத்து ரஷ்யாவோடு சேர்த்தார்கள். செப்டம்பரில் ஃபின்னிய மொழிச் சுற்றும் போயிற்று. என்னைப் போன்றவர்கள் 16 சுற்று நோட்டைத் தேடி அலைவதே அந்தப் போன சுற்றுக்காகத்தான்.

எனக்கு வந்த நோட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இடப்பக்கம் 7, வலப்பக்கம் 7, அடியில் நடுவில் 1. படம் இணைத்திருக்கிறேன். உங்கள் தளத்தில் இருக்கும் படம் வேறு நோட்டுடையது. அதில் 16 சுற்றும் தெளிவாகவே தெரிகிறது. அப்படியானால் படத்தில் ஒன்றைக் காட்டி, உறையில் வேறொன்றை வைத்திருக்கிறீர்கள்.

நோட்டு போலி என்று நான் சொல்லவில்லை. நல்ல நோட்டுதான், மடிப்புகூட இல்லை. ஆனால் நான் பணம் கட்டியது இதற்கல்ல. படத்தில் உள்ள நோட்டையே அனுப்புங்கள். அது கையிருப்பில் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் உங்களுடையது. "கடைக் கணக்கில் வரவு வைக்கிறோம்" என்பதெல்லாம் வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சேலம்.

இணைப்பு: பில் நகல், நோட்டின் படங்கள், உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.