பொட்டி கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரமாக இருந்த டூரிங் கொட்டகைகளை, அதாவது ஊர் ஊராகப் பிரித்துக் கட்டிய ஓலைக்கூரை சினிமாக் கொட்டகைகளைப் பற்றி ஒரு நோட்டு எழுதி வைப்போம் என்று ஆரம்பித்தபோது, ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பதினாலு மாதம் ஆகிவிட்டது, ஒரு நோட்டு நாலு நோட்டாகிவிட்டது. போன மாதம் சேர்ந்ததையெல்லாம் எங்கள் ஊர்த் திடலில் இரண்டு நாள் பரப்பி வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் "நல்லாச் சேத்து வச்சிருக்கியேப்பா" என்று என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து காப்பி குடித்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் பேரைப் போடாதே என்று சொல்லிவிட்டதால், ஊரைச் சொல்லியும் முறையைச் சொல்லியும் கூப்பிடுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பாம்பன் ஸ்டேஷனில் பார்சல் தூக்கிய அய்யாவுக்கு. கொட்டகை எங்கே இருந்தது, என்ன படம் ஓடியது, டிக்கெட் எவ்வளவு என்று நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக, அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "படத்தப் பத்தி ஊரெல்லாம் சொல்லுவான், நீ பொட்டியப் பத்திக் கேளு" என்றார். அதோடு நோட்டின் போக்கே மாறிவிட்டது. 1988 அக்டோபர் 2-இல் சாலைப் பாலம் திறக்கும் வரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்குள் அரிசியோ, மருந்தோ, கல்யாண மாப்பிள்ளையோ, எது வந்தாலும் ரயிலில் வரவேண்டும், இல்லாவிட்டால் தோணியில் வரவேண்டும். சினிமாவும் அப்படித்தான் வந்தது. மதுரையில் ஏற்றிய தகரப் பெட்டி, 1914-இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலத்தின் மேல் கடலைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து வரும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓட 11 நிமிஷம். ஒரு தமிழ்ப் படம் பதினைந்தாயிரம் அடி என்று வைத்துக்கொண்டால் பதினைந்து, பதினாறு ரீல், கனமான பெட்டிகள். அய்யா இறக்கி வைப்பதற்குள் பையன்கள் ஸ்டேஷனிலிருந்தே "பொட்டி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்களாம். காற்று பலத்துப் பாலத்தில் ரயிலை விடாத நாளில், கொட்டகையில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒரே பக்திப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். அந்தப் பாட்டு மூன்றாவது தடவை கேட்டால் இன்றைக்குப் படம் இல்லை என்று பெண்கள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைப் பற்றியும் அவர் பேசினார். அதை நோட்டில் முழுதாக எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் புயலில் உடைந்த ரயில் பாலத்தை ஸ்ரீதரன் என்ற பொறியாளர் 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயிலை ஓடவைத்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். அய்யாவுக்கும் அந்தக் கணக்கு தெரியும், ஆனால் அவர் அதைப் பெட்டி வராத நாள் கணக்காக நினைவில் வைத்திருக்கிறார்.

திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார் என்று படித்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அய்யா, "பாத்தியா, அவனும் நம்ம ரயில்வேதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னொரு தடவை பாம்பன் போகலாம்.

அடுத்தது ஓய்வுபெற்ற கிளார்க் அண்ணன். டூரிங் கொட்டகைக்கு 1955 சினிமாச் சட்டப்படி கலெக்டர் லைசென்ஸ் வேண்டும், சி ஃபார்ம் என்பார்கள். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், முடிந்தால் பிரித்துக் கட்டவேண்டும். அந்தக் காகிதங்களைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். நாலு தடவையும் "அடுத்த வாரம் வாங்க". ஐந்தாவது தடவை போவதற்கு முன் இந்த அண்ணன் டீக்கடையில் என்னைப் பிடித்து, "தம்பி, 85-ல மாவட்டம் பிரிக்கிறதுக்கு முன்னாடி ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆபீஸே மதுரையிலதான இருந்துச்சு. இங்க வந்து எதத் தேடுற?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். சினிமா வியாபாரத்தில் இன்னும் எம்.ஆர். ஏரியா என்று மதுரையையும் ராமநாதபுரத்தையும் ஒரே கட்டாகச் சொல்கிறார்களே, அதையாவது யோசித்திருக்க வேண்டாமா நான்?

உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் ஆபரேட்டர் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். புரொஜக்டர் விளக்கு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பல்புன்னு நெனச்சியா?" என்று பேத்தியின் பையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்தார். இதுதான் கார்பன் குச்சி, மேலே செம்புப் பூச்சு. இரண்டு முனையும் தொடவேண்டும், தொட்டதும் மயிரிழை பிரிக்கவேண்டும், அப்போது நடுவில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் பிடிக்கும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், கூடினால் திரை மஞ்சளடிக்கும், அப்புறம் சிவக்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும். அதனால் ஒரு கை எப்போதும் திருகிலேயே இருக்கும். பேசிக்கொண்டே பென்சில் இரண்டையும் அவர் மெதுவாக நெருக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது ஓட்டினார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் கட்டைவிரல் அப்படியே திருகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு புரொஜக்டர் என்பதால் சில ரீலைச் சேர்த்து ஓட்டிவிட்டு, அடுத்த கட்டை மாற்றும்போதெல்லாம் இடைவேளை. நம் ஊர்ப் படத்துக்கு நாலு இடைவேளை வந்தது கதையால் அல்ல, இதனால்தான். முறுக்குக் கூடை வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

அவர் கொடுத்த ரீல் துண்டு ஒன்றைத் திறந்தபோது புளிச்ச காடி வாடை குப்பென்று வந்தது. அசிடேட் பிலிம் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும். மாமா மூக்கை மூடவில்லை.

தேவிபட்டினத்துக் கடல்காரர் இருவருக்கு. கொட்டகை கட்டுகிற வேலையில் உங்கள் அப்பாக்களும் இருந்தார்கள் என்பதையே நான் எதிர்பார்க்கவில்லை. பனையோலைக் கூரை போடுவது எல்லாருக்கும் தெரியும், திரை கட்டுவதுதான் கஷ்டம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் எந்தப் பக்கம் கட்டினாலும் துணி உப்பும், கதாநாயகனுக்குத் தொப்பை விழும். அதனால் கம்பை, பாய்மரத்தில் பாயைத் தாங்குகிற பருமல் மாதிரி குறுக்கே போட்டு, துணியைப் பாய் மாதிரி அதில் கோத்து, ஆஞ்சான் கயிற்றில் ஏற்றி இறக்குகிற மாதிரி கட்டினார்களாம். காற்று கூடினால் கொஞ்சம் தளர்த்துவது. அந்த முடிச்சை என் கையில் போட்டுக் காட்டினீர்கள், மூன்று தடவை காட்டியும் எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். திடலில் தொங்கவிட்ட திரையையும் நீங்களே வந்து கட்டிக் கொடுத்தீர்கள்.

அந்தத் திரையைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன், "மாமா, சுத்தி மாட்டுவண்டிய நிறுத்திட்டு வண்டியிலயே படுத்துப் படம் பாத்தா அது டிரைவ்-இன் தானே?" என்று கேட்டான். 1933-இல் அமெரிக்காவில் நியூஜெர்சியில் காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கத் திடல் போட்டார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அங்கே கார் இரையெடுக்காது, இங்கே மாடு இடைவேளையில் வைக்கோல் தின்றது. சுவரொட்டி எழுதியதும், நாற்காலி தூக்கியதும், இரண்டு ராத்திரி காவல் படுத்ததும் அவனும் அவன் கூட்டாளிகளும்தான். ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், பந்தலுக்குக் காசு வாங்காதவருக்கும் சேர்த்து நன்றி.

கீழக்கரை லாத்தாவை (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கடைசியில் வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்தது எண்ணி நாலோ ஐந்தோ தடவைதான் என்றார், ஆனால் பாட்டு எல்லாம் தெரியும். இலங்கை வானொலி இந்தக் கரையில் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்கும். பெட்டி ரயிலேறுவதற்கு ரொம்ப முன்னாலேயே பாட்டு கடல் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும். அந்த வானொலியின் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், அப்துல் ஹமீது குரலெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் குரல். படத்தை விட்டுவிட்டு நோட்டீஸைச் சேர்த்தார் லாத்தா. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்படித்துக்கொண்டு தெருவில் வீசிப் போன ரோஸ், பச்சை, மஞ்சள் காகிதங்கள். தம்பிகளை ஓடவிட்டுப் பொறுக்கி வரச்சொல்லி, பிஸ்கெட் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். நான் பார்த்த கொட்டகை ஆவணம் என்று ஏதாவது உண்டென்றால் அந்தப் பெட்டிதான். "இன்றுமுதல்" என்று மேலே, "தினசரி 2 காட்சிகள்" என்று கீழே, பெண்களுக்குத் தனி இடவசதி என்று ஓரத்தில்.

லாத்தா, திடலில் கூட்டத்துக்கு நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். அந்த ரோஸ் நோட்டீஸில் ஒன்று ஸ்கேன் எடுக்கும்போது மடிப்பில் இரண்டாகப் பிளந்துவிட்டது. நான்தான் அவசரப்பட்டு விரித்தேன். ஒட்டவில்லை, பசை போட்டால் இன்னும் கெடும் என்றார்கள். இரண்டு துண்டையும் வெள்ளைத்தாளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பெட்டியைத் துடைத்து மழைக்குப் பயந்து பரண்மேல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று காக்கா (அண்ணன்) சொன்னார், அன்றைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். திட்டுவதாக இருந்தால் அப்போது திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தொதல் இனிப்பு இருந்தால் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.