இரவில் வாசலுக்கு வராதீர்கள்

காவிரி டெல்டாவில் வாரக் கடன் வசூலிக்கும் நிதி நிறுவனங்களின் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் குழுக்களில் ஒன்று கூடுவது என் வீட்டுத் திண்ணையில்தான். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம், செவ்வாய்க்கிழமை காலை, பத்துப் பெண்கள். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

கடந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய். எங்களில் ஒருத்தியிடம் 1,150 ரூபாய்த் தவணைக்கு 400 ரூபாய்தான் இருந்தது. விடாத மழை, வயலில் முழங்கால் தண்ணீர், களையெடுக்கக் கூப்பிட ஆளில்லை. கூட்டத்துக்கு வந்தாள், நிலைமையைச் சொன்னாள், சனிக்கிழமை மீதியைத் தருவதாகக் கேட்டுக்கொண்டாள். உங்கள் வசூல்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். இரவு எட்டரை மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் அவள் வாசலில் நின்றது.

அவர் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் அம்மா” என்று படியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு கடன் விண்ணப்பத்தில் இருந்த இன்னொரு எண்ணுக்குப் போன் செய்தார். அது அவள் சம்பந்தி வீட்டு எண். பெண்ணைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சற்று நேரத்தில் வேதாரண்யத்திலிருந்து சம்பந்தியம்மாள் கூப்பிட்டு, “ஏதும் கஷ்டமா? எங்களிடம் சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்கிறாள் இவள். மூன்று வீட்டில் கைமாற்று வாங்கி 750 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தோம். அதில் 200 ரூபாய் என் பேரனின் உண்டியல் காசு, முழுக்கச் சில்லறை. உங்கள் ஆள் தெருவிளக்கின் கீழ் நின்று எண்ணிச் சரிபார்த்தார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வரும் பெண் ஒரு மாதம் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். எங்களில் ஏழு பேருக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கருவியில் கோளாறோ என்று தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். மாத்திரையை இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தூக்கத்தை யார் கொண்டுவந்து தருவது?

ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாலை 6 மணிக்கு மேல் அழைக்கக் கூடாது. உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது. குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராதவரின் வீட்டுக்குத்தான் போகலாம். இவள் அன்று காலைதான் வந்திருந்தாள். கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025இல் சட்டம் கொண்டுவந்தது. எனவே நான் சலுகை கேட்கவில்லை. இரவில் வாசலுக்கு வராதீர்கள்.

“ஆடம்பரமாகச் செலவு செய்தால் இப்படித்தான்” என்று உங்கள் ஆள் ஒருவர் அறிவுரை சொன்னார். உண்மைதான், மறைக்கவில்லை. கறவை மாட்டுக்கென்று வாங்கிய கடனில் காதுகுத்து நடத்தினோம். மாமன் சீர், பந்தல், ஃப்ளெக்ஸ், போதாக்குறைக்கு வானத்தில் பறக்கும் கேமரா. வைத்த மொய் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டோம். வந்தது மற்றவர் வீட்டு மொய்க்கே போய்விட்டது. புத்தி கெட்ட செலவுதான். ஆனால் மாட்டைப் பார்க்க வந்த உங்கள் அதிகாரி, எதிர்வீட்டுப் பசுவின் பக்கத்தில் எங்களை நிற்க வைத்துப் படமெடுத்தாரே? அந்த ஒரே பசு நான்கு பேரின் கடனில் நிற்கிறது. பாவம், அதற்கு எந்தக் கூட்டத்திலும் கையெழுத்துப் போடும் தொல்லை இல்லை. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மூன்று கடன் உள்ளவளுக்கு நான்காவதைக் கொடுத்தபோது கூட்டிப் பார்த்தவர் யார்?

நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, அறுப்புக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. பெண்களுக்கு மிஞ்சியது களையெடுப்பு, அதற்கும் மருந்தடிக்கிறார்கள். வேலை வருடத்தில் சில வாரம், தவணை வாரம் தவறாமல். இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

வாங்கிய கடனைக் கட்டுவோம். முடியாத வாரத்தில் அடுத்த வாரத்துக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சம்பந்தி வீட்டு எண்ணை விண்ணப்பத்திலிருந்து தயவுசெய்து அடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு எந்தப் பெண்ணின் வாசலிலும் உங்கள் வண்டி நிற்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் செவ்வாயும் திண்ணையைப் பெருக்கிப் பாய் விரித்து வைத்திருப்பேன். காலையில் வாருங்கள், டீ போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
திண்ணை வீட்டுக்காரி